கண்காட்சியில் கழுவிய மண்

சின்னதுகள் ரெண்டு பேருக்கும் எழுதுகிறேன். அப்பா ஏன் எப்போதும் மொட்டையாகவே இருக்கிறார் என்று கேட்டீர்கள். திருப்பதிக்கு ஏதோ வேண்டுதலாம் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதாகவும் சொன்னீர்கள். நான் எந்தச் சாமிக்கும் முடி நேர்ந்துகொள்ளவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு அவள் எழுந்து வெளியே போய்விட்டாளாம். அவளிடம் இனிமேல் கேட்காதீர்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன், இதில் தப்பு நிறைய இருக்கும். அக்கா பார்த்தால் திருத்திக் கொடுப்பாள். ஆனால் இதை அவளிடம் காட்டப் போவதில்லை.

சின்னவன் பள்ளிக்கூடம் சேராத காலம் அது. சின்னவள் இடுப்பில் இருந்தாள். நானும் உங்கள் அம்மாவும் மண் அரிக்கிற வேலை செய்தோம். தி. நகரில் நகைக்கடைகள் இருக்கிற பெரிய ரோடு உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றீர்களே, அதேதான். அந்த ரோட்டுக்குப் பின்னால் சந்து சந்தாகப் போகும். அங்கே மாடிகளில் பட்டறைகள். கடையில் விற்கிற நகையை அங்கே உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அரத்தால் ராவும்போது தங்கம் தூளாக உதிரும். பட்டறைக்காரர்கள் ஏமாளிகள் இல்லை, மடியில் தோலை விரித்துத் தூளைப் பிடிப்பார்கள், தரையைக் கூட்டி எடுத்து வைப்பார்கள். அப்படியும் வேலை செய்தவன் காலிலும் சட்டை மடிப்பிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். குழாயடியில் கை கால் கழுவுவான், தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். படியிறங்குவான், செருப்பிலிருந்து சந்தில் உதிரும். கண்ணுக்குத் தெரியாது. அந்த மண்ணைத்தான் நாங்கள் அள்ளினோம்.

விடியும்போதே, கார்ப்பரேஷன் வண்டி வருவதற்கு முன்னால் போய்விடுவோம். அம்மா பிரஷ்ஷால் சந்தைக் கூட்டுவாள். நான் சாக்கடைச் சேற்றை வழித்து மூட்டை கட்டுவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டிக் கழுவினால் சேறு போகும், மணல் போகும், கடைசியில் கனமான கறுப்பு மணல் மட்டும் நிற்கும். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். தெரிந்தால் அன்றைக்கு நமக்குச் சோறு.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சந்து. பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனால் ஒருத்தர் சந்தில் இன்னொருத்தர் துடைப்பம் வைக்க மாட்டார். எந்த இடத்தில் நிறைய வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். "இன்னா மாமா, எப்படி?" என்று கேட்டால், "இன்னாத்த, மண்ணுதான்" என்பதுதான் பதில். அண்ணன் தம்பிக்குள்கூட அப்படித்தான். எங்கள் சந்தில் ஒரு பெரிய பட்டறை இருந்தது. அதன் மாடிப்படிக்குக் கீழே பைப்பு வளைகிற மூலையில் தண்ணீர் தேங்கி நின்றுவிட்டுப் போகும். தங்கம் கனம் அல்லவா, அங்கேயே படிந்துவிடும். அந்த மூலைதான் வீட்டு வாடகை, சின்னவள் பால், அக்காவின் ஷூ. அது போனால் நமக்கு வேறு எதுவும் இல்லை.

அக்கா அப்போது அடையாறில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தாள். அரசாங்கத் திட்டத்தில் கிடைத்த இலவச சீட்டு. அப்பா என்ன வேலை என்று கேட்ட பெண்களிடம் "கோல்டு பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் மிஸ் மாநிலச் சின்னங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார்களாம். மரம் பனை, பறவை மரகதப் புறா, பூ செங்காந்தள். கலிஃபோர்னியா என்று ஒரு இடத்தில் கனிமத்துக்கும் இப்படி ஒரு பட்டம் உண்டாம், அங்கே தங்கத்துக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருக்கிறார்களாம். ஜனங்கள் ஆற்று மணலைச் சட்டியில் போட்டுக் கழுவிக் கழுவித் தங்கம் எடுத்தார்களாம். நம் மாநிலத்துக்கு ஒரு கனிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள் என்று மிஸ் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தன் கருங்கல் என்றான், ஒருத்தி பழுப்பு நிலக்கரி என்றாள். உங்கள் அக்கா எழுந்து தங்கம் என்றாள்.

"தங்கம் கோலார்லம்மா. அது கர்நாடகா. நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

"டி. நகர்ல கீது மிஸ்."

அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம்.

"டி. நகர்ல கடையிலதானே இருக்கு?" என்றார்கள் மிஸ்.

"இல்ல மிஸ். சாக்கடைல. எங்கப்பா மண்ணக் கழுவி எடுப்பாரு."

அன்றிலிருந்து அவள் பெயர் சாக்கடைத் தங்கம். டிபன் பாக்ஸைத் திறந்தால் மூக்கைப் பொத்தினார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். "கோல்டு பிசினஸ், தள்ளி ஒக்காரு, நாறுது" என்று பாட்டு மாதிரிச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட, புளுகுகிறாள் என்று சொன்னதுதான் அவளை அறுத்தது. மிஸ்ஸும் நம்பவில்லை. ஸ்கூல் கண்காட்சி வருகிறது, அதில் செய்து காட்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மண் வேண்டும் என்று நின்றாள்.

"அதெல்லாம் வெளிய காட்ற வேலையாடி?" என்றாள் அம்மா.

"என்னப் பொய்க்காரின்றாங்கம்மா."

"சொன்னா சொல்லிட்டுப் போறாளுங்க. ஒடம்புல ஒட்டிக்கப் போவுதா?"

"ஒட்டிக்கினுதான் கீது. உனுக்குத் தெரியாது."

அம்மா கடைசியில் இறங்கி வந்தாள். மண்ணைக் காட்டலாம், எந்தச் சந்து என்று மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அக்கா அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

சார்ட் பேப்பரில் ராவும் பகலும் எழுதினாள். கலிஃபோர்னியாவில் முதலில் தங்கத்தைக் கண்டெடுத்தவர் கடைசியில் ஏழையாகவே செத்துப்போனார் என்று எழுதினாள். கோலாருக்கு நம் பக்கத்து ஜனங்கள் எத்தனையோ பேர் போய்ச் சுரங்கத்தில் இறங்கினார்கள், வேலை முடிந்து ஏறி வரும்போது உடம்பெல்லாம் தடவிச் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டார்கள் என்றும் எழுதினாள். கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருத்தராவது அந்த சார்ட்டைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்கு மூட்டையை நான்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

"இன்னா நைனா மூட்டைல? கப்பு தாங்கல" என்றார் கண்டக்டர்.

"தங்கம்ணா."

"தங்கமா? அப்ப அதுக்கு லக்கேஜ் போடணுமே. மகாலட்சுமி ஓசில வர்றாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஸ்கூல் ஹாலில் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். எரிமலை, ராக்கெட், சோலார் அடுப்பு. நம் பிள்ளையை ஓரத்தில் கக்கூஸ் பக்கம் தள்ளியிருந்தார்கள், நாற்றம் அடிக்குமாம். இரட்டைப் பின்னலும் யூனிஃபார்முமாக நின்று அவள் சட்டியை ஆட்ட ஆரம்பித்தாள். முதலில் யாரும் வரவில்லை. கழுவக் கழுவச் சேறு தெளிந்தது, மணல் ஒதுங்கியது, கறுப்பின் ஓரத்தில் மஞ்சள் வால் ஒன்று நெளிந்தது. ஒரு குட்டிப் பையன் கத்தினான். அப்புறம் எரிமலைப் பக்கம் ஒருத்தரும் இல்லை. மூக்கைப் பொத்தியவளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மிஸ் அவள் தோளில் கை வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. எனக்கு அவரைத் தெரியும். எங்கள் சந்துப் பட்டறை முதலாளி. அவருக்கு என்னைத் தெரியாது. அவர் கார் உள்ளே வரும்போது சுவரோடு ஒட்டி நிற்கிறவன் முகத்தை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்? அவர் மகன் அதே பள்ளிக்கூடத்தில் பக்கத்து செக்‌ஷன். பரிசுகள் எல்லாம் அவருடைய செலவு என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, பிரமாதமா செய்யறியே! இது எந்த ஊரு மண்ணும்மா?"

"டி. நகர் அங்கிள்."

"டி. நகர் பெரிய ஊராச்சே. அதுல எங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் லுங்கியைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கோபப்படவில்லை, சிரித்தார்.

"அப்பா சொல்ல வேணாங்கறாரு. சரி விடு. எனக்குத் தெரியாதா என்ன, நான் இதே தொழில்ல இருக்கறவன். கொஞ்சம் தூள் வாங்கி மண்ணுல கலந்து எடுத்துட்டு வந்துட்டீங்க. சின்னப் புள்ளைய வெச்சு இப்படி எல்லாமா பண்றது?"

"சீட்டிங்! சீட்டிங்!" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். மிஸ் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். அந்தக் கை போனதை அக்கா உணர்ந்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"கலக்கல! சத்தியமா கலக்கல அங்கிள்! மாடிப்படிக்குக் கீழ பைப்பு வளையற மூல கீதுல்ல, அங்க அள்ளனது. அங்கதான் தண்ணி நிக்கும். நீங்க தரையெல்லாம் கழுவி விடுவீங்கல்ல, அதுக்கு மறுநாள் அள்ளுனா நெறைய வரும். எங்கம்மா கையால தொட்டே சொல்லிரும். வேணும்னா நீங்களே வந்து பாருங்க!"

பட்டறை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஊரில் எல்லாப் பட்டறைக்காரரையும் சேர்த்துத்தான் 'நீங்க' என்றாள். அவர் குனிந்து சட்டியை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்து அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு பட்டறைகளிலும் இப்படி உண்டா, மழைக்காலத்தில் எப்படி, எத்தனை குடும்பம் அள்ளுகிறது என்று அன்பாகக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள், பரீட்சையில் சொல்கிற மாதிரி, ஒன்றுகூட விடாமல். போட்டோ எடுத்துக்கொண்டார். கன்னத்தைத் தட்டினார். "இந்தப் பொண்ணுக்குத்தான் மிஸ் ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுக்கணும்" என்றார்.

அப்படியே கொடுத்தார்கள். மெடலை அவரே அவள் கழுத்தில் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா மெடலைக் கழற்றவே இல்லை. "இனிமே எவளும் சிரிக்க மாட்டாப்பா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் சந்துக்குப் போனால் மாடிப்படிக்குக் கீழே கொத்தனார்கள். பைப்பு வளைகிற மூலையை உடைத்துத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடுக்கடுக்காக வலை, மேலே இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு. வாட்ச்மேன் பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"வா நைனா. ஒம் பொண்ணு பெரிய படிப்பாளியாமே. மொதலாளி போன்ல போட்டோ வெச்சிக்கினு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கினு கீறாரு."

"இன்னா பாய் இது?"

"தொட்டி. இனிமே ஒரு சொட்டு வெளிய போவாது. பக்கத்து பட்டறைக்காரரும் வந்து பாத்துட்டுப் போனாரு. எதிர் பட்டறைல நாளைக்கி வேலை ஆரம்பம். வூட்டுக்குப் போ நைனா, இங்க இனிமே ஒனக்கு இன்னா கீது?"

அம்மா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கொத்தனார் சாந்து பூசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

தொட்டிகள் ஒவ்வொரு சந்தாகப் பரவின. மண் அரிக்கிற மற்றக் குடும்பத்தார் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், உங்கள் காதுகுத்துக்கு வந்தவர்கள்தான். உங்களுக்குச் சித்தி முறை ஆகிறவள் ஒருத்தி முன்னால் நின்றாள்.

"எங்கடி அந்த மெடலு? கொண்டா, கண்ணு குளிரப் பாத்துக்கறோம். எத்தினி வூட்டு அடுப்ப அவிச்சி வாங்கினது! கழுத்துல போட்டுக்கினு நில்லுடி, சுத்திப் போடறேன்."

"கொழந்த தெரியாம…" என்றாள் அம்மா.

"கொழந்தையா? ஊரான் புள்ளைங்க பட்டினி கெடக்கும்போது இது இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கணும், இல்ல? உன் வாய்ல மண்ணு விழ! அதையும் கழுவிக் காட்டு போ, இன்னொரு மெடலு குடுப்பாங்க."

அக்கா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். அவர்கள் போன பிறகும் தேய்த்தாள்.

எங்களுக்குச் சொல்லாமல் அவளே முதலாளியை ஸ்கூல் கேட்டில் மறித்துக் கேட்டிருக்கிறாள், எங்கள் அப்பாவுக்கு வேலை இல்லை அங்கிள் என்று. "அதுக்கென்னம்மா, வந்து பாக்கச் சொல்லு. அந்தத் தொட்டிய கழுவ ஆள் தேடிட்டுதான் இருக்கேன்" என்றாராம். போனேன். வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது போகாமல் என்ன செய்வது? அன்றிலிருந்து அதே மண்ணை, அதே சட்டியில், அவருக்குக் கழுவிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதுதான் வேலை.

சாயங்காலம் வெளியே வருவதற்குத்தான் நேரமாகும். லுங்கியை அங்கேயே கழற்றிவிட வேண்டும். கையையும் காலையும் அவர்கள் தொட்டியிலேயே கழுவ வேண்டும். நகத்தைக் குச்சியால் கிளறுவார்கள். அப்புறம் வெள்ளைத் துணியை விரித்துத் தலையைக் குனியச் சொல்லி, சூப்பர்வைசர் பேன் சீப்பால் சீவி விடுவார்.

"ஆடாத நில்லுய்யா. பொண்டாட்டி பேன் பாக்கறான்னு நெனச்சுக்க."

முதலாளி மகன் சில நாள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பான். வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டான். "உங்கப்பாவுக்கு எங்க பட்டறைலதான் தல சீவி விடறாங்க. நாளைக்குப் பவுடரும் போட்டு அனுப்பறோம்."

அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தாள்.

"நெஜமாப்பா?"

"நெஜந்தாம்மா."

"நீ மொட்ட அடிச்சிக்கோப்பா."

அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த சலூனுக்குப் போய் வழித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது அக்கா என் தலையைத் தடவிப் பார்த்தாள். இனிமேல் சீவ ஒன்றும் இல்லை என்று ரெண்டு பேரும் நினைத்தோம்.

திங்கட்கிழமை உள்ளே போனதும் சூப்பர்வைசர் எழுந்து நின்றுவிட்டார்.

"முடி எங்க?"

"சலூன்லண்ணே."

"இன்னா மனுஷன்யா நீ! யார் முடின்னு நெனச்ச? போய் எடுத்தா!"

மயிலாப்பூருக்கு ஓடினேன். கடைக்காரர் எல்லார் முடியையும் ஒன்றாகக் கூட்டிச் சாக்கில் வைத்திருந்தார். என்னுடையது எது என்று யாருக்குத் தெரியும்? சாக்கையே கொண்டுபோனேன். பட்டறை மொட்டை மாடியில் தகரத்தில் கொட்டிக் கொளுத்தினார்கள். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சாம்பலை என்னிடமே கொடுத்தார்கள், கழுவுகிறவன் நான்தானே. கழுவினேன். கறுப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு ஒதுங்கியது. முதலாளி சட்டியை வாங்கி, கண்காட்சியில் பார்த்த மாதிரியே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பாத்தியா, தலையிலேயே எவ்வளவு எடுத்துட்டுப் போயிருக்கே. நல்லவன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து முடி கொஞ்சம் வளர்ந்ததும் பட்டறைக்கே ஆள் வந்து எனக்கு வழித்துவிட்டுப் போகிறார். முடி அங்கேயே தங்கிவிடும்.

எட்டாவதோடு அக்காவின் இலவச சீட்டு முடிந்தது. இப்போது மந்தைவெளிப் பக்கம் கவர்மென்ட் ஸ்கூலில் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள் என்று டீச்சர் சொல்கிறார்கள், ஆனால் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து சொல்வதில்லையாம். ஆணியில் தொங்குகிற மெடலைச் சின்னவள் நகத்தால் சுரண்டியபோது அக்கா அடித்தாளே, அது இதனால்தான். அதைத் தூக்கிப் போடவும் அவள் விடுவதில்லை.

சின்னவனே, நேற்று என் மொட்டையைத் தடவிவிட்டு உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தாய். ஒன்றும் ஒட்டியிருக்காது. வெளியே விடுவதற்கு முன்னால் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள்.